துடுப்பில் எழுதும் உரிமை

1607இல் காபூலுக்குப் போகும் வழியில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஹசன் அப்தாலில் தங்கினார். இன்று அந்த ஊர் பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கிறது. அங்கே அவரே வலை வீசினார். பத்துப் பன்னிரண்டு மீன்கள் விழுந்தன. அவற்றின் மூக்கில் முத்துக் கோத்து மறுபடி நீரில் விட்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்குள், 1653இல், ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ லண்டனில் அச்சேறியது. கடலை நோக்கி இறங்கும் சால்மன் குஞ்சுகளைப் பிடித்து, வாலில் நாடா கட்டி விட்டவர்களைப் பற்றி அதில் ஒரு செய்தி வருகிறது. அந்த நாடாவோடு சில மீன்கள் கடலிலிருந்து திரும்பி, முன்பு பிடிபட்ட அதே இடத்தில் மறுபடி பிடிபட்டனவாம்.

இரண்டுமே, ஆற்று மீனின் உடலில் மனிதர் வேண்டுமென்றே வைத்த அடையாளங்கள். முத்தைப் பார்த்து ஒருவர் தெரிந்துகொள்ளக்கூடியது, இந்த மீன் அரசர் கைக்கு ஒருமுறை வந்தது என்பது மட்டும்தான். நாடா கட்டியவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது: ஆற்றை விட்டுப் போகும் சால்மன் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறதா? பதிலும் கிடைத்தது.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தூண்டில்காரர்களிடையே பெரும் வழக்கமாகிவிட்டது. விடுவதற்குமுன் துடுப்பின் ஓரத்தைக் கத்தரிப்பவர்களும், எண்ணிட்ட பிளாஸ்டிக் அடையாளத்தை முதுகில் செருகிவிடுபவர்களும் அவர்களிடையே உண்டு. இந்த மீனை நான் முன்பு பிடித்திருக்கிறேனா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறியும் ஆவல் அவர்களுக்கு. தூண்டில்காரர்களுக்குள்ளேயே இது பழைய சண்டை. ஒரு சாரார் இதைக் குடிமக்கள் அறிவியல் என்கிறார்கள். மறுசாரார் ஊனப்படுத்துதல் என்கிறார்கள். இரண்டு சொற்களும் சில இடங்களில் பொருந்துகின்றன, சில இடங்களில் பொருந்தவில்லை. எங்கே எது பொருந்துகிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மீனைப் பிடித்ததாலேயே அதில் குறியிடும் உரிமை வந்துவிடுவதில்லை. குறியைப் பதிந்துவைக்கவும், படிக்கவும், அதற்குப் பதில் சொல்லவும் ஓர் ஏற்பாடு இருக்கும் இடத்தில்தான் அந்த உரிமை பிறக்கிறது.

எண்ணத் தெரிந்த கதை

முறையான மீன் குறியிடலின் தொடக்கமாக 1873ஐச் சொல்வது வழக்கம். அந்த ஆண்டு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பெனாப்ஸ்காட் ஆற்றில், சார்லஸ் அட்கின்ஸ் என்பவர் சால்மன்களுக்கு அடையாளம் கட்டி விட்டார். 1890களில் டென்மார்க்கின் சி. ஜி. ஜே. பீட்டர்சன் மீனின் முதுகில் பொத்தான்போல் பொருத்தும் வட்டுகளைப் பயன்படுத்தினார். மீன்களை எண்ணப் பயன்படும் கணக்குக்கும் அவர் பெயர் நிலைத்தது.

கணக்கு எளிது. ஓர் ஆற்றுப் பகுதியில் 40 மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து 50 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றில் 10 குறியுள்ளவை. பிடிபட்டதில் ஐந்தில் ஒன்று குறியுள்ளது என்றால், ஆற்றிலும் ஐந்தில் ஒன்று அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பகுதியில் மொத்தம் 200 மீன்கள். முழு ஆற்றையும் வற்றவைக்காமல் மீன் எண்ணும் வித்தை இது.

ஆனால் இந்த வித்தை சில நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. குறி உதிரக் கூடாது. குறியினாலேயே மீன் சாகக் கூடாது. குறியுள்ள மீன் தூண்டிலுக்கு மற்ற மீன்களைவிட அதிகமாகப் பயப்படக் கூடாது. கிடைத்த குறிகளையெல்லாம் யாராவது தவறாமல் தெரிவிக்க வேண்டும். மேலே சொன்ன 40 குறிகளில் பாதி உதிர்ந்துவிட்டால், இரண்டாம் பிடிப்பில் 10க்குப் பதில் 5 தான் கிடைக்கும். கணக்கு 400 என்று சொல்லும். இல்லாத 200 மீன்கள் தாளில் பிறந்துவிடும். அதை நம்பி யாராவது பிடிப்பு அளவை உயர்த்தினால் ஆறு காலியாகும். கைப்பழக்கம் இல்லாதவர் இடும் குறி மீனுக்கு மட்டும் கேடு என்று எண்ணிவிடக் கூடாது. அது தவறான அறிவையும் உண்டாக்குகிறது.

குறியிடும் முறைகள் இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெருகிவிட்டன. துடுப்பை வெட்டுவது மிகப் பழையது, மிக மலிவானது. துணிக்கடையில் விலைச்சீட்டைக் குத்தும் துப்பாக்கியின் உறவுக்காரக் கருவி ஒன்றால் பிளாஸ்டிக் இழையை முதுகுத் தசையில் நிறுத்துவது இன்னொன்று. 1963இல் அறிமுகமான குறியீட்டுக் கம்பி, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நீளமும் கால் மில்லிமீட்டர் தடிமனும் உள்ள துணுக்கு. குஞ்சின் மூக்கில் செலுத்துவார்கள். வளர்ந்த மீனின் தலையை வெட்டினால்தான் அதைப் படிக்க முடியும். 1980களில் கொலம்பியா ஆற்றுச் சால்மன் ஆய்வில் புழக்கத்துக்கு வந்த ‘பிட்’ சிப்பில் பேட்டரி இல்லை. சுமார் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் அது, அணையின் மீன்வழியில் வைத்த வாசிப்பானைக் கடக்கும்போது தன் எண்ணைச் சொல்லும். மீனைத் திரும்பப் பிடிக்கவே வேண்டாம்.

இந்தக் குறிகள் மனிதருக்குச் சொல்லிய பாடங்கள் சிறியவை அல்ல. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்த மீனைக் கட்டாயம் திரும்ப விட வேண்டிய ஒரு பகுதியில் நடந்த ஆய்வு 1986இல் வெளியானது. அங்குள்ள கட்த்ரோட் ட்ரவுட் ஒவ்வொன்றும் ஒரே பருவத்தில் சராசரியாக 9.7 முறை தூண்டிலில் சிக்குகிறது என்று அது கணக்கிட்டது. ஆறு நிறைய மீன் இருக்கிறது என்று தூண்டில்காரர்கள் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் அதே மீன்கள் கைமாறிக்கொண்டிருந்தன. அத்தனை முறை பிடிபட்டும் பெரும்பாலானவை பிழைத்துக் கிடந்தன என்பதும் அதே ஆய்வின் முடிவு.

மீனின் பக்கத்திலிருந்து

“ஏற்கெனவே தூண்டில் முள் வாயைக் கிழித்துவிட்டது. துடுப்பில் ஒரு நறுக்கு என்ன பெரிதாகச் செய்துவிடும்?” குறியிடுபவர்கள் சொல்லும் முதல் சமாதானம் இது. இதற்கு மூன்று வகையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, நேரம். 1992இல் கனடாவில் வெளியான ஒரு சோதனையில், களைக்கும்வரை துரத்தப்பட்ட ரெயின்போ ட்ரவுட்களில் நீரை விட்டு எடுக்காதவை 88 விழுக்காடு பிழைத்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 62 விழுக்காடும், 60 நொடி வைத்தவற்றில் 28 விழுக்காடும்தான் பிழைத்தன. ஆய்வகத்து எண்ணை அப்படியே ஆற்றுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் திசை தெளிவு. முள்ளைக் கழற்றி உடனே விட்டால் சில நொடிகளில் முடியும் வேலை, கத்தரியைத் தேடி, துடுப்பை விரித்து, அளந்து, படம் எடுப்பதற்குள் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. மீனைக் கொல்வது பெரும்பாலும் கத்தரி அல்ல. கத்தரிக்காகச் செலவாகும் நேரம்.

இரண்டாவது, தோல். மீனின் மேல் உள்ள வழவழப்பு அதன் கவசம். உலர்ந்த கையும் துணியும் அதை வழித்துவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சை பற்றும். பிளாஸ்டிக் அடையாளம் செருகிய துளை ஆறாமல் புண்ணாகிக் கிடப்பது குறியிடல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அந்த இழையில் பாசி படர்ந்தால் நீரோட்டத்தில் இழுவையும் கூடும்.

மூன்றாவது, துடுப்பு. மார்பு, இடுப்புத் துடுப்புகளை அடியோடு வெட்டினால் மீனின் பிழைப்பும் வளர்ச்சியும் குறைகின்றன என்பது பல இனங்களில் பார்க்கப்பட்டது. நுனியை மட்டும் வெட்டினால் வளர்ந்து மூடிக்கொள்ளும்; மீனுக்கு நல்லது, குறிக்கு ஆயுள் இல்லை. இந்த இக்கட்டிலிருந்து தப்பத்தான் சால்மன், ட்ரவுட் குடும்பத்தில் கொழுப்புத் துடுப்பைத் தேர்ந்தார்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் எலும்பில்லாமல் நிற்கும் சிறு சதை மடிப்பு அது. பயனற்ற மிச்சம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2004இல் டி. ஈ. ரெய்ம்ஷனும் என். எஃப். டெம்பிளும் அதை நீக்கிய ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்) குஞ்சுகளை ஓடும் நீரில் நீந்தவிட்டுப் பார்த்தார்கள். அவை வாலைச் சராசரியாக 8 விழுக்காடு கூடுதல் அகலமாக வீச வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த மடிப்பில் நரம்புகள் செறிந்திருப்பதைக் காட்டின. வாலுக்கு முன்னால் நீரின் சுழிப்பை உணரும் உறுப்பாக அது இருக்கலாம் என்ற கருத்து இன்று வலுத்திருக்கிறது. ‘எதற்கும் உதவாத துடுப்பு’ என்ற வசதியான நம்பிக்கை இப்போது கைவசம் இல்லை.

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. 2003இல் லின் ஸ்னெட்டனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ட்ரவுட்டின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகளைக் காட்டினார்கள். ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள், உணர்வதும் வலியை அனுபவிப்பதும் வேறு என்று மறுத்தார்கள். விவாதம் முற்றுப்பெறவில்லை. ஆனால் நம் கேள்விக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வலி உண்டோ இல்லையோ, திரும்ப விடுதல் என்ற வழக்கம் ஒரு வாக்குறுதியில் நிற்கிறது: எடுத்ததை எடுத்தபடியே விடுகிறேன். முள் போட்ட துளை ஆறிவிட வேண்டும் என்று தூண்டில்காரர் விரும்புகிறார். குறியோ ஆறக் கூடாது என்று விரும்பி இடப்படுகிறது. அளவில் சிறிதானாலும் இரண்டும் வெவ்வேறு செயல்கள்.

வெட்டிய துடுப்பும் வெட்டாத துடுப்பும்

குறி என்பது மீனின் உயிருக்கே உரிமைச் சீட்டாக மாறிய இடம் வட அமெரிக்காவின் பசிபிக் கரை. கொலம்பியா போன்ற ஆறுகளில் அணைகள் வந்தபின் சால்மன் வரத்து சரிந்தது. ஈடுசெய்யப் பொரிப்பகங்கள் வந்தன. 1991இல் ஸ்நேக் ஆற்றின் சாக்ஐ சால்மன் அழிவாபத்துச் சட்டப் பட்டியலில் ஏறியது. மற்ற ஆறுகளின் மீன்களும் தொடர்ந்தன. ஒரே ஆற்றில், ஒரே தோற்றத்தில், காப்பாற்ற வேண்டிய இயற்கை மீனும் பிடித்துத் தின்னலாம் என்ற பொரிப்பக மீனும் கலந்து நீந்தின. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பொரிப்பகத்தை விட்டு வெளியேறும் குஞ்சுகளின் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிட்டார்கள். அது ஆண்டுக்குப் பல கோடிக் குஞ்சுகள் என்ற அளவுக்கு வளர்ந்தது. குஞ்சின் நீளத்தைக் கேமராவால் அளந்து, கை படாமல் துடுப்பைக் கத்தரிக்கும் இயந்திர வண்டிகள் வந்தன. தூண்டில்காரருக்கு விதி எளிதாயிற்று: கொழுப்புத் துடுப்பு இல்லாத மீனை வைத்துக்கொள், இருப்பதை விட்டுவிடு. ஸ்வீடனும் பின்லாந்தும் பால்டிக் சால்மனுக்கு இதே வழியைப் பின்பற்றின.

இந்த ஏற்பாட்டில் இயற்கை மீனின் குறி, குறியில்லாமை. முழுத் துடுப்புதான் அதன் பாதுகாப்பு. அறியாமையாலோ ஆவலாலோ ஒருவர் இயற்கை ஸ்டீல்ஹெட்டின் கொழுப்புத் துடுப்பை வெட்டி விட்டால், அடுத்த வளைவில் நிற்பவர் அதைச் சட்டப்படியே அடித்துக் கூடையில் போடலாம். குறியிட்டவர் கொல்லவில்லை, கொல்லும் அனுமதியை எழுதிக் கொடுத்துவிட்டார். இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. இயற்கை மீனைப் பிடித்து, துடுப்பை அங்கேயே நறுக்கி, பொரிப்பக மீன் என்று வீட்டுக்கு எடுத்துப்போவது. ஓரிகான், வாஷிங்டன், கலிபோர்னியா விதிகள் வெறுமனே ‘துடுப்பு இல்லாத மீன்’ என்று சொல்லாமல், வெட்டிய இடத்தில் ‘ஆறிய தழும்பு’ இருக்க வேண்டும் என்று கேட்பது இந்த ஏமாற்றுக்கு எதிரான கவசம்.

இந்தப் பெருங்குறியிடலுக்கே எதிர்ப்பும் உண்டு. கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகளின் மீன்வள அமைப்பு இதை நெடுங்காலமாகக் குறை சொல்லி வந்திருக்கிறது. பொரிப்பக மீன்களைத் தின்பதற்கென்று ஒதுக்காமல், ஆற்றின் இயற்கைக் கூட்டத்தை மீட்கப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிடித்து விடும்போது சாகும் இயற்கை மீன்களின் கணக்கையும் அவர்கள் கேட்கிறார்கள். நல்ல நோக்கத்தோடு இட்ட குறியும் ஒரு கொள்கையைச் சுமந்துகொண்டுதான் போகிறது. யாருக்கு எந்த மீன் என்று அது பங்கு பிரிக்கிறது. அரசு செய்தாலே இத்தனை கேள்விகள் என்றால், தனியாள் தன் விருப்பத்துக்குச் செய்யும் குறி எப்படிக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகும்?

தூண்டில்காரர்: கூட்டாளியும் தனியாளும்

தூண்டில்காரர்களை அறிவியலிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல. கடலில் அவர்கள் சாதித்தது பெரிது. அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய கூட்டுறவுச் சுறா குறியிடல் திட்டமும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1973இல் தொடங்கிய திட்டமும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயங்கும் கடலியல் ஆய்வு நிறுவனம் 1984இல் தொடங்கிய திட்டமும் தன்னார்வலர்களின் தூண்டில்களால் நடப்பவை. எந்த ஆய்வுக் கப்பலும் அத்தனை இடத்தில், அத்தனை நாள் நிற்க முடியாது.

அவற்றின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அடையாளத்திலும் தனி எண்ணும், கண்டவர் தகவல் தர வேண்டிய முகவரியும் இருக்கும். இட்டவர் அட்டை நிரப்பி அனுப்புவார். யாரோ ஒருவர் அதை ஏட்டில் ஏற்றுவார். மீன் மறுபடி பிடிபட்டால் இரண்டு பேருக்கும் செய்தி போகும். இத்தனை இருந்தும் தென்னாப்பிரிக்கத் திட்டத்தில் நூறு குறிக்குப் பத்துகூடத் திரும்பி வருவதில்லை. ஆயிரக்கணக்கில் இட்டால்தான் அந்தச் சிறு விழுக்காடு பேசும். தன் பாட்டுக்கு இருபது மீனின் துடுப்பை நறுக்கும் தனியாளுக்கு ஒன்றோ இரண்டோ திரும்பலாம். அதிலிருந்து அவர் எதையும் நிறுவ முடியாது.

மொய் நோட்டில் ஏறாத பணம் கொடுத்தவர் பையிலிருந்து போய்விடும், வாங்கியவர் கணக்கிலும் நிற்காது. பதிவேடு இல்லாத குறியும் அப்படித்தான். மீனின் உடலிலிருந்து ஏதோ கழிந்துவிட்டது. அறிவின் கணக்கில் எதுவும் சேரவில்லை.

அது சும்மாவும் இருப்பதில்லை. மீன்வளத் துறைகள் வலது இடுப்புத் துடுப்பை ஓர் ஆண்டுக் குஞ்சுகளுக்கும் இடதை இன்னோர் ஆண்டுக்கும் ஒதுக்கி வெட்டுவது வழக்கம். தனியாள் வெட்டிய துடுப்பு அந்தக் கணக்குக்குள் புகுந்து, இல்லாத பொரிப்பக மீனாக எண்ணப்படும்.

தனியாளின் பக்கம் ஒரு வலுவான வாதமும் இருக்கிறது. திரும்ப விடப்பட்ட மீன் பிழைக்கிறதா என்று அறியாமலே தூண்டில்காரர் ஆண்டாண்டாக விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தன் பழக்கத்தையே சோதித்துப் பார்க்க விரும்புவது நேர்மைதானே? நேர்மைதான். ஆனால் குறி அவருக்குக் காட்டுவது பிழைத்து மறுபடி சிக்கிய மீனை மட்டும். செத்து அடியில் போனது எந்தத் தூண்டிலுக்கும் வராது. ஆகவே தனிக் குறி பெரும்பாலும் அவருக்கு நிம்மதியையே தரும்; அவர் தேடிய உண்மையைத் தராது.

சட்டம் எங்கே நிற்கிறது

பிரிட்டனில் விலங்குகள் மீதான அறிவியல் செயல்முறைச் சட்டம் (1986), அடையாளம் காண்பதற்காக மட்டும் இடும் குறியை உரிமம் தேவையில்லாததாக ஒதுக்குகிறது; ஆனால் அது கணநேர வலிக்கு மேல் தரக் கூடாது, நிலைத்த கேடும் செய்யக் கூடாது. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் மீன்பிடித்தலின் இயல்பான போக்கில் நடப்பவற்றைத் தன் வரம்புக்கு வெளியே விடுகிறது. துடுப்பை வெட்டுவது மீன்பிடித்தலின் இயல்பான போக்கா? அப்படி வாதிடுவது எளிதல்ல. சுவிட்சர்லாந்தில் 2008 முதல், திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பது தடை. ஜெர்மனியிலும் விலங்குக் காப்புச் சட்டத்தின்படி, தக்க காரணம் இல்லாமல் முதுகெலும்பிக்கு வலி தருவது குற்றம். அமெரிக்காவில் சில மாநிலங்கள் அனுமதியில்லாமல் குறியிட்டு விடுவதைத் தனியாகவே தடுத்திருக்கின்றன.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் நீங்கலாக எல்லா உயிரினத்தையும் விலங்கு என்கிறது. மீனும் அதில் அடங்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்ற சொல்லுக்குள் உடலின் ஒரு பகுதியைக் காயப்படுத்துவதையும் எடுப்பதையும் சேர்த்திருக்கிறது. சட்டங்கள் வெவ்வேறு வழியில் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: காரணம் என்ன, அந்தக் காரணத்துக்கு யார் பொறுப்பு?

காவிரியின் பாடம்

குறியில்லாமலே ஒரு பேருண்மை வெளிவந்த ஆறு நம் காவிரி. கர்நாடகத்தில் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாக்கலி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் இருந்தன. 1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் போன்ற அமைப்புகள், பிடித்தால் விட வேண்டும் என்ற ஒழுங்கை ஆற்றில் நிலைநிறுத்தின. மகசீர் என்ற பெருமீனைத் தேடி வெளிநாட்டவர் வந்தார்கள். வலையும் வெடியும் போட்டுப் பிழைத்த உள்ளூர்க்காரர்கள் சிலர் வழிகாட்டிகளானார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கம் மேலோங்கியதும், 2010களின் தொடக்கத்தில் முகாம்களில் தூண்டில் நின்றது.

காலிபோரில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்பு ஏடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். 23,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட தூண்டில் உழைப்பு. 6,000க்கும் மேற்பட்ட மகசீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி, பிடிபடும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருந்தது. ஆனால் மீன்களின் எடை குறைந்திருந்தது. படங்களையும் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆரஞ்சுத் துடுப்பும் உயர்ந்த திமிலும் கொண்ட காவிரியின் சொந்த மகசீர் அரிதாகிக்கொண்டே போக, நீலத் துடுப்பு மகசீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீலத் துடுப்பு மீன் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் பெருக்கப்பட்ட இனம். மகசீரைக் காக்கும் நல்லெண்ணத்தோடுதான் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டிருந்தன.

திமில் மகசீருக்கு அப்போது உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. 2018இல்தான் அது ‘டோர் ரெமாதேவி’ என்று நிறுவப்பட்டது. அந்தப் பெயர் 2007இல் கேரளத்தின் பாம்பாற்று மீன்களுக்கு இடப்பட்டிருந்தது. பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதி வழியாகக் காவிரியில் சேரும் ஆறு. அந்த இனம் எஞ்சியிருப்பதாக உறுதிசெய்யப்பட்ட இடங்களில் பவானியில் கலக்கும் மாயாறும் ஒன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

இந்தக் கதையில் யாரும் எந்த மகசீரின் துடுப்பையும் வெட்டவில்லை. எழுதியது நோட்டுப் புத்தகத்தில். எத்தனை மணி நேரம் நின்றோம், எத்தனை பிடித்தோம், என்ன எடை என்று ஒழுங்காக எழுதியதும், ஒரு படம் எடுத்ததும் போதுமானதாக இருந்தன. மீன் ஒன்றும் பிடிபடாத நேரத்தையும் எழுதிவைத்ததுதான் அந்த ஏட்டின் பெருமதிப்பு.

குறி தேவைப்பட்டிருக்கும் இடம் வேறு. பொரிப்பகத்தை விட்டு வெளியேறும் முன்பே ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் அடையாளம் இருந்திருந்தால், ஆற்றில் பிடிபடுவது வந்தேறியா சொந்தமா என்று முதல் சில ஆண்டுகளிலேயே தெரிந்திருக்க வாய்ப்புண்டு. மகசீர் கெண்டைக் குடும்பம். அதற்குக் கொழுப்புத் துடுப்பு கிடையாது. ஆகவே இடுப்புத் துடுப்பையோ வேறு முறையையோ நாட வேண்டியிருக்கும். அதற்கும் விலை உண்டு. ஆனாலும் அந்த விலையை ஆற்றில் புதிதாக மீனை விடும் நிறுவனம் கொடுப்பதுதான் நியாயம். ஆற்றிலேயே பிறந்த மீன் கொடுக்கக் கூடாது.

வெட்டாமல் அறிவது

இன்று தூண்டில்காரர் கையில் இருக்கும் கருவிகள் அட்கின்ஸின் காலத்தைவிடப் பல மடங்கு. ட்ரவுட்டின் புள்ளிகள் மீனுக்கு மீன் வேறு. தெளிவான பக்கவாட்டுப் படம் இருந்தால் அதே மீனை மறுபடி அடையாளம் காணலாம். குஞ்சுப் பருவத்தில் புள்ளிகள் மாறுவது இதன் வரம்பு. இங்கிலாந்தின் கிரேட் ஊஸ் ஆற்றில் பெரிய பார்பெல் மீன்களை அவற்றின் உடல் அமைப்பைக் கொண்டே தனித்தனியாக அறிந்து பெயரிட்டிருந்தார்கள். பீட்டர்பரோ அருகே ஓர் ஏரியில் வாழ்ந்து 2009இல் இறந்த ‘பென்சன்’ என்ற கெண்டை அறுபது முறைக்கு மேல் பிடிபட்டது. முதுகுத் துடுப்பில் தானாக இருந்த ஒரு சிறு ஓட்டை, சிகரெட் சுட்டதுபோலத் தெரிந்ததால், ஒரு சிகரெட் வகையிலிருந்து வந்த பெயர் அது. யாரும் கத்தரி எடுக்காமலே ஒரு நாடு முழுதும் அந்த மீனை அறிந்திருந்தது.

பொரிப்பகங்களிலும் வெட்டாத வழி வந்துவிட்டது. ஸ்நேக் ஆற்றுப் படுகையில் சினைமீன்களின் மரபணு மாதிரியை எடுத்துவைத்துவிடுகிறார்கள். அவற்றின் லட்சக்கணக்கான குஞ்சுகளில் எது பின்னாளில் பிடிபட்டாலும், அதன் திசுத் துணுக்கை ஒப்பிட்டுப் பெற்றோரைக் கண்டுபிடித்துவிடலாம். அடையாளமிடுவதற்காகக் கத்தி பட்டது பெற்றோரின் துடுப்பு நுனியில் மட்டும். அடையாளம் பெற்றது ஒரு தலைமுறை.

ஆனால் படம் எல்லாவற்றுக்கும் விடை அல்ல. பூட்டானின் மானாஸ் ஆற்றில் பொன் மகசீரின் வலசையை அறிய ஆய்வாளர்கள் மீனுக்குள் ரேடியோ கருவி வைத்தார்கள். முட்டையிட எந்தக் கிளையாற்றில் ஏறுகிறது, எந்த அணை அதை மறிக்கும் என்ற கேள்விக்குக் கேமராவும் நோட்டும் போதாது. அங்கே மயக்க மருந்தும், பயின்ற கையும், அரசின் அனுமதியும், ஆறு முழுதும் காத்திருக்கும் வாசிப்பான்களும் இருந்தன. மீன் கொடுத்த விலைக்கு ஈடாக அதன் இனத்துக்கு ஏதேனும் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் இருந்தது.

எப்போது தகும்

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் இயற்கை ஆற்று மீனில் குறியிடச் சில நிபந்தனைகள் தாமாகவே திரண்டு வருகின்றன. வேறு வழியில் விடை காண முடியாத கேள்வி ஒன்று முதலில் இருக்க வேண்டும். அந்த ஆற்றின் மீன்வளத்துக்குப் பொறுப்பான அமைப்பின் அனுமதியும், ஏற்கெனவே அங்கே புழங்கும் குறிகளின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். எண்ணும் முகவரியும் உள்ள பதிவேடு, இட்டவர் தூண்டிலை மூட்டை கட்டிய பிறகும் திறந்திருக்க வேண்டும். கை பயின்றிருக்க வேண்டும். கோடை வெயிலில் நீர் சூடேறிய நாளில் வேலையை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். போதுமான மீன்களில் இட்டாயிற்று என்றால் அத்தோடு விடவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கத்தரி பையிலேயே இருக்கட்டும்.

இது தூண்டில்காரர் மீது சுமத்தும் அவநம்பிக்கை அல்ல. ஆற்றங்கரையில் மணிக்கணக்காக நிற்பவர் அவர்தான். ஆறு மாறுவதை அதிகாரிக்கு முன்பே அறிபவரும் அவர்தான். அந்த அறிவு வீணாவது, அவர் குறியிடாததால் அல்ல, எழுதிவைக்காததால். தேதி, நேரம், நீர்மட்டம், பிடிபடாத பொழுது, ஈரக் கையோடு நீருக்கு அருகிலேயே எடுத்த ஒரு பக்கவாட்டுப் படம். இவற்றைப் பத்து ஆண்டு விடாமல் சேர்ப்பவர், பத்து மீனின் துடுப்பை வெட்டியவரைவிட ஆற்றுக்கு நெருங்கிய சாட்சி. குறியிட்டே ஆக வேண்டுமென்றால், அந்தக் கடமை ஆற்றில் மீனை விடுபவருக்கு உரியது. பிடிப்பவர் முழு மீனை முழு மீனாகவே திருப்பிக் கொடுக்கட்டும். ஏட்டில் மட்டும் அதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.